மறைய மறுத்த முகம்

போன வருஷம் எங்கள் பெரியக்காவுக்கு எண்பது நிறைந்தது. விழா முழுவதையும் அக்காவின் பேரன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தான். அக்கா இப்போது இல்லை. வருஷத் திதிக்குச் சொந்தக்காரர்கள் கூடும்போது போட்டுக் காட்டலாம் என்று பத்து நிமிடப் படமாக வெட்டி ஒட்டினோம். கடைசியில் ஜன்னலோரம் அக்கா சிரிக்கிற காட்சி. அது மெல்ல இருண்டு மறைய வேண்டும்.

கணினியில் சரியாகத்தான் இருந்தது. அத்தான் வீட்டுப் பழைய டிவிக்காக எச்.டி.ஆர். படத்தை எஸ்.டி.ஆர். ஆக்கியதும் கோளாறு வந்தது. முகம் சட்டென்று மங்கியது, திடீரென்று மறுபடி வெளிச்சமாகத் தலைகாட்டியது, பிறகு ஒரேயடியாக இருட்டு. "மாமா தாத்தா, பாட்டி கண் சிமிட்டற மாதிரி இருக்கு" என்றான் பையன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படி மங்கவைப்பது சினிமாவைவிடப் பழைய வித்தை. 19-ஆம் நூற்றாண்டின் மாய விளக்குக் காட்சிகளிலேயே இரண்டு விளக்குகளை வைத்து ஒரு படத்தை இன்னொன்றில் கரைத்தார்கள். 1899-ல் மெலியே தம் 'சிண்ட்ரெல்லா'வில் காட்சிகளை அப்படிக் கரைத்துக் கோத்தார். பின்னாளில் இந்த வேலை ஆப்டிகல் பிரிண்டருக்குப் போனது. அதில் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவார்கள். ஒரே சீராக மூடினால் போதாது. நம் கண் வெளிச்சத்தை விகிதத்தில்தான் உணர்கிறது. பாதி நேரத்தில் பாதி வெளிச்சம் போனாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது, மிச்சமெல்லாம் கடைசி நொடியில் பொத்தென்று விழும்.

பிலிம் வெளிச்சத்தை எப்படி வாங்குகிறது என்று 1890-ல் வளைகோடு வரைந்து காட்டியவர்கள் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும். இருவரும் இங்கிலாந்தில் ரசாயனத் தொழிற்சாலைக்காரர்கள், புகைப்படம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு! 'காமா' என்ற சொல் அவர்கள் வழியாக வந்ததுதான். பழைய பிக்சர் டியூபிலும் அதே காமா. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி பாதியாகாது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். 100 நிட் வெளிச்சம் 19 நிட்டுக்கு வரும். (நிட் என்பது சதுர மீட்டருக்கு ஒரு கேண்டலா.) அது கண்ணுக்கு இதமான இறக்கம். யாரும் திட்டமிடாமல் கிடைத்த லாபம் என்றுதான் சொல்வேன்.

2014-ல் பி.க்யூ. என்ற புது அளவுகோல் தரமாக்கப்பட்டது. 10,000 நிட் வரை அதில் அடங்கும். அதற்காக மேல்பகுதியை ரொம்ப நெருக்கி வைத்திருக்கிறார்கள். 100 நிட்டே அளவுகோலின் பாதிக்கு வந்துவிடும், 1,000 நிட் முக்கால்வாசியில் நிற்கும். அந்த முக்காலைப் பாதியாக்கினால் கிடைப்பது சுமார் 25 நிட். அதாவது நாற்பதில் ஒரு பங்கு! ஜன்னல் வெயில் சட்டென்று அணைந்ததன் காரணம் இதுதான். எங்கள் மென்பொருள் பி.க்யூ. எண்களின் மேலேயே மங்கலைப் போட்டிருந்தது.

முகம் திரும்பி வந்தது வேறு கதை. எஸ்.டி.ஆர். ஆக்கும் நிரல் ஒவ்வொரு பிரேமிலும் உச்ச வெளிச்சத்தைத் தேடி, அதற்கேற்பப் படத்தை அமுக்குகிறது. மங்க மங்க உச்சம் குறைகிறது. இனி அமுக்க வேண்டியதில்லை என்று அது பிடியைத் தளர்த்துகிறது. நாம் இருட்டாக்க, அது வெளிச்சமாக்க, இரண்டுக்கும் நடுவில் அக்கா.

மூன்று ராத்திரி மங்கலின் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்து வீணடித்தேன். மருந்து என்னவோ எளிது. உச்ச வெளிச்சத்தை 1,000 நிட் என்று நிலையாகக் கொடுத்து, தானியங்கித் தேடலை நிறுத்தினோம். முதலில் எல்லாத் துண்டுகளையும் எஸ்.டி.ஆர். ஆக்கினோம். மங்கலை அதற்கப்புறம்தான் போட்டோம். வரிசை மாறியதும் சரியாகிவிட்டது.

திதியன்று அத்தான் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மறைந்து திரை கறுத்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை போடுப்பா" என்றார்.