ஒரே சீட்டில் இரு படங்கள்

1988 ஏப்ரல் 16 அன்று சப்பானியத் திரையரங்குகளில் ஒரு நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் இரண்டு ஓவியத் திரைப்படங்களைக் கண்டனர். ஒன்று ஹயாவோ மியாசாக்கி இயக்கிய ‘என் அண்டைவீட்டு டோட்டோரோ’. மற்றொன்று இசாவோ தக்காஹாட்டா இயக்கிய ‘மின்மினிகளின் கல்லறை’. இரண்டையும் உருவாக்கியது ஜிப்ரி என்னும் ஒரே நிறுவனம். இரண்டுமே ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுபவை. முன்னதில் காட்டில் வாழும் விந்தையான உயிரொன்று, மழை பெய்யும் இரவில் இரு சிறுமிகளோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றது. பின்னதில் நான்கு வயதுச் சிறுமி பட்டினியால் இறக்கின்றாள். எது முன்னர், எது பின்னர் என்பது அரங்குக்கு அரங்கு மாறியது. சிலர் சிரித்துவிட்டு அழுதனர்; சிலர் அழுதுவிட்டுச் சிரித்தனர்.

வாழ்வின் இன்பத்தையும் துன்பத்தையும் பற்றி ஆழச் சிந்தித்து எவரோ இவ்விரண்டையும் இணைத்தார் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பூதமும் இரு குழந்தைகளும் வரும் கதைக்கு வருவாய் கிடைக்காதெனப் பணம் போட வேண்டியவர்கள் தயங்கினர். நொசாக்காவின் போர்க்காலக் கதையோடு சேர்த்து வெளியிடலாம் என்னும் யோசனை எழுந்தபின், ஷின்சோஷா என்ற புகழ்பெற்ற பதிப்பகம் அந்தக் கதைக்குப் பொறுப்பேற்க முன்வந்தது. இரண்டுக்கும் வழி பிறந்தது. வணிகக் கணக்கு கூடச் சில வேளைகளில் நம்மைச் சிந்திக்க வைத்துவிடுகின்றது!

அக்கியுக்கி நொசாக்கா 1930-இல் பிறந்தவர். கோபே நகரில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். 1945 மார்ச் 17 அன்று முந்நூறுக்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் அந்நகரின் மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. சூன் 5 அன்று மீண்டும் நானூறுக்கும் மேற்பட்டவை வந்தன. மர வீடுகள் நெருங்கி நின்ற நகரம் அது. வீட்டுக்கு வீடு தீ தாவியது. வளர்ப்புத் தந்தையை இழந்த பதினான்கு வயதுச் சிறுவன், ஒன்றரை வயதுகூட நிரம்பாத வளர்ப்புத் தங்கையைத் தூக்கிக்கொண்டு முதலில் நிசினோமியாவுக்கும் பின்னர் ஃபுக்குயிக்கும் சென்றான். போர் முடிந்த ஆகஸ்டு மாதத்தில் அக்குழந்தை சத்தின்மையால் மாண்டது.

1967-இல் நொசாக்கா இதைக் கதையாக எழுதினார். அடுத்த ஆண்டு அதற்கு நவோக்கிப் பரிசு கிடைத்தது. ஆயினும் அவர் எழுதியது நடந்தது நடந்தபடியன்று. கதையில் வரும் அண்ணன் செய்த்தா தங்கை செத்சுக்கோவுக்குக் கிடைத்ததையெல்லாம் ஊட்டுகிறான். நொசாக்காவோ, தங்கைக்குச் சேரவேண்டிய உணவைத் தாமே உண்டதாகவும், தாம் அத்தனை நல்ல அண்ணனாக இருந்ததில்லை என்றும் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். தாம் இருந்திருக்க வேண்டிய அண்ணனைக் கதையில் படைத்தார். அவனையும் இறுதியில் சாகவைத்தார். இதை அறிந்தபின் அக்கதையை வெறும் சோகக் கதையாகப் படிக்க என்னால் இயலவில்லை.

பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. மின்மினியைக் குறிக்கும் வழக்கமான எழுத்தை விடுத்து, ‘தீ’, ‘தொங்குதல்’ எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளால் அச்சொல்லை எழுதினார் நொசாக்கா. வானிலிருந்து சொட்டிய தீ அங்கே கண்முன் வந்துவிடுகின்றது.

தக்காஹாட்டாவும் அத்தீயைக் கண்டவரே. 1945 சூன் 29 அதிகாலையில் ஒக்காயாமா நகரம் எரிந்தபோது அவருக்கு வயது ஒன்பது. இரவு உடையோடும் வெறுங்காலோடும் தம் தமக்கையுடன் ஓடித் தப்பினார். அந்நாளில் அந்நகரில் மாண்டவர் ஆயிரத்து எழுநூறுக்கும் மேல். இப்படிப்பட்டவர் தம் படத்தைப் போர் எதிர்ப்புப் படம் என்று அழைக்க மறுத்துவிட்டார் என்பது வியப்புக்குரியது. ஊரோடு உறவை அறுத்துக்கொண்டு இரு பிள்ளைகள் தனியே வாழ முயன்று தோற்ற கதை என்றே அவர் அதைக் கண்டார்.

படத்தை இக்கண்ணோடு பார்ப்போம். தாயை இழந்த இருவரையும் உறவினர் ஒருத்தி ஏற்றுக்கொள்கிறாள். நாளடைவில் அவள் சொற்கள் முள்ளாகின்றன. அவள் அரக்கியல்லள், பங்கீட்டு அரிசியில் வேலைக்குச் செல்லும் மகளுக்கும் பிறருக்கும் வடிக்க வேண்டியவள். செய்த்தா கடற்படை அதிகாரியின் மகன்; தன்மானம் மிகுந்தவன்; வேலைக்குப் போகாதவன். சண்டையிட்டுக் கூட அவர்கள் பிரியவில்லை. ஒருநாள் அவன் தங்கையோடு புறப்படுகிறான். அவள் வாசலில் நின்று வழியனுப்புகிறாள். குளக்கரைக் குகையொன்றில் இருவரும் குடியேறுகின்றனர். தானியம் விற்கும் உழவர் ‘திரும்பிப் போ’ என்கிறார். மருத்துவர் ‘நல்ல உணவு கொடு’ என்கிறார். உணவு எங்கே என்பதைச் சொல்லவில்லை. எவரும் கொலை செய்யவில்லை. ஆயினும் குழந்தை இறக்கின்றது. அன்று குளத்தின் மறுகரை வீட்டில், ஊர் திரும்பிய பெண்களின் இசைத்தட்டு பாடிக்கொண்டிருக்கிறது.

இப்போது மற்றப் படத்துக்கு வருவோம். அங்கும் ஒரு குளம் உண்டு. 1950-களின் சப்பானியச் சிற்றூர். தாய் மருத்துவமனையில் இருக்கின்றாள். மியாசாக்கியின் சொந்தத் தாயும் முதுகெலும்புக் காசநோயால் பல்லாண்டுகள் படுக்கையில் கிடந்தவரே. தாய்க்கென ஒரு சோளக்கதிரைச் சுமந்துகொண்டு நான்கு வயது மேய் தனியே நடந்து வழிதவறுகிறாள். குளத்தில் ஒரு குழந்தையின் செருப்பு மிதக்கிறது. உடனே ஊர் முழுவதும் திரள்கிறது. ஆடவர் கழிகளால் நீரைத் துழாவுகின்றனர். அண்டைவீட்டுப் பாட்டி செருப்பைக் கையில் ஏந்தி நடுங்குகிறாள். அது மேயின் செருப்பன்று என்று தெரியவரும்போது நமக்கும் மூச்சு வருகின்றது.

மேய்க்கும் நான்கு வயது. செத்சுக்கோவுக்கும் நான்கு வயது. ஒரே பிற்பகலில், ஒரே திரையில் இருவரும் வந்து போயினர். ஒருத்தியின் குளத்தைச் சுற்றி ஊரே நின்றது. மற்றவளின் குளத்தருகே எவரும் இல்லை. இரு படங்களுக்கும் இடையேயான வேறுபாடு பூதமன்று, அடுத்திருப்பவரே என்று எனக்குத் தோன்றுகிறது. துன்பம் முதற்படத்திலும் குறைவின்றி இருக்கின்றது: நோயுற்ற தாய், அஞ்சும் பிள்ளைகள், காணாமற்போன குழந்தை. அதைச் சுமக்கக் கைகள் பல இருந்தன, அவ்வளவே.

மியாசாக்கிக்கும் ஒரு நினைவு உண்டு. 1945 சூலையில் உத்சுனோமியா எரிந்தபோது அவருக்கு நான்கு வயது. குடும்பத்தார் ஒரு சிறு சரக்குந்தில் தப்பினர். வழியில் குழந்தையோடு நின்ற ஒருவர் ஏற்றிக்கொள்ளும்படி வேண்டியதையும், வண்டி நில்லாமல் சென்றதையும் அவர் மறக்கவில்லை. நிறுத்தச் சொல்லும் ஒரு குழந்தை அவ்வண்டியில் இருந்திருந்தால் என்னும் ஏக்கம் தம் படைப்புகளின் அடியில் இருப்பதாக அவரே கூறியிருக்கிறார். நொசாக்கா பகிராத உணவு, மியாசாக்கி நிறுத்த இயலாத வண்டி: அந்த இரட்டைக் காட்சியின் பின்னால் இவை இரண்டும் இருந்தன.

மின்மினிப் படத்தில் செத்சுக்கோ விடாது பற்றியிருந்த தகர டப்பா பலர் நெஞ்சில் நின்றுவிட்டது. மிட்டாய் தீர்ந்ததும் அதில் நீரூற்றிக் குடிப்பாள்; பின்னர் அவள் எலும்புகளே அதில் அடங்கின. அம்மிட்டாயைச் சிவப்பு டப்பாவில் விற்றுவந்த சக்குமா நிறுவனம் 2023 சனவரியில் மூடப்பட்டது. நொசாக்கா 2015-இலும், தக்காஹாட்டா 2018-இலும் காலமாயினர்.

படத்தின் முடிவில் இரு குழந்தைகளின் ஆவிகள் குன்றின்மேல் அமர்ந்து, விளக்குகள் ஒளிரும் புதிய கோபே நகரைக் காண்கின்றன. அக்காட்சி வெளிவந்த ஏழாம் ஆண்டில், 1995 சனவரி 17 விடியற்காலையில், நிலநடுக்கம் அந்நகரைச் சாய்த்தது. ஆறாயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரை வெளியே எடுத்தவர்கள் தீயணைப்பு வீரர்களோ படையினரோ அல்லர். குடும்பத்தாரும் பக்கத்து வீட்டுக்காரருமே, கையில் கிடைத்ததைக் கொண்டு தோண்டினர்.