உள்ளூர்க் குன்றில் ஒரு வளாகம்

திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்பது ஓர் இடத்தின் பெயர். அங்கே, ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தில், வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் 1970-களில் எழுந்தது. உயர்கல்விக் கூடங்களைக் கண்ணாடியாலும் அலுமினியத்தாலும் போர்த்தும் இந்நாளில், பூச்சற்ற அச்செங்கற் சுவர்களை நாம் நினைத்துப் பார்ப்பது தகும்.

கட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்த குவேக்கர் சபையினர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டாற்றித் திரும்புகையில், பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்ற அடிகளின் கருத்து அவர் நெஞ்சில் வேரூன்றியது. கேரளத்தில் ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்ட அவரை நாடியவர்களுள் மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோசும் ஒருவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ஆய்வு மையப் பணிக்கு அவரைத் தேர்ந்தவர் பொருளியல் அறிஞர் கே.என். ராஜ்; துணைநின்றவர் முதலமைச்சர் அச்சுத மேனன்.

பேக்கரின் சிக்கனம் கணக்குப்பிள்ளையின் சிக்கனமன்று. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையை அவர் கையாண்டார். நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும். சுவரினுள் அடைபட்ட காற்று வெயிலின் வெம்மையைத் தடுக்கும். காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையை ஏற்பது கம்பியே. அங்குள்ள காங்கிரீட்டுக்கு வேலை மிகக் குறைவு. ஆகவே அவ்விடத்தில் பழைய ஓடுகளைப் பதித்தார். சிமெண்டு குறைந்தது; சுண்ணாம்புக் கல்லைக் கடுந்தீயில் சுடும் எரிபொருளும் அவ்வளவுக்கு மிஞ்சியது. ஜன்னல்களுக்குப் பதிலாகத் துளைகள் விட்ட செங்கற் சல்லடைச் சுவர்களை எழுப்பினார். மரம் குறுக்கிட்டால் சுவர்தான் வளைந்தது. சல்லடை வழியே காற்றோடு தூசியும் கொசுவும் வரும் என்பாரும் உண்டு, அது மெய்யே.

அவர் பிடிவாதக்காரரல்லர். கணிப்பொறிக் கூடம் கட்ட நேர்ந்தபோது, வெளியே வளைந்த சல்லடைச் சுவரும் உள்ளே மூடிய அறையுமாக இரட்டைச் சுவர் அமைத்தார்.

நம் பழைய கல்லூரிகளும் குருமடங்களும் பலவும் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அச்சுவர் ஈரத்தை உறிஞ்சி, மெல்ல வெளிவிடும். புதுப்பிக்கிறோம் என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சில மழைக்காலங்களில் பூச்சு உதிரும், செங்கல்லும் அரிபடும். பழி பழைய கட்டடத்தின்மேல் விழ, இடிக்க முடிவாகிறது. சுண்ணாம்பை நீற்றி, அரைத்து, பதம் பார்த்துப் பூசத் தெரிந்த கொத்தர்கள் குறைந்துவருகின்றனர். பொன்விழாவுக்கு ஒப்பந்தக்காரரை அழைக்குமுன், அவர்களுள் ஒருவரைத் தேடிப்பிடித்துச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லலாம்.