கிழக்குத் திமோர் போரும் அதன் மரணக் கணக்கும்

கிழக்குத் திமோர் போர் என்பது 1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படைகள் திலி நகரில் இறங்கியது முதல் 1999 செப்டம்பரில் பன்னாட்டுப் படை அங்கே வந்து சேரும்வரை, ஏறத்தாழ 24 ஆண்டுகள் நீடித்த ஆக்கிரமிப்பையும் அதை எதிர்த்து நடந்த போராட்டத்தையும் குறிக்கும். திமோர் தீவின் கிழக்குப் பாதியையும், மேற்குப் பாதிக்குள் தனித்துக் கிடக்கும் ஒயெகுசி என்ற பகுதியையும் கொண்ட இந்நாடு இன்று திமோர்-லெஸ்தே என அழைக்கப்படுகிறது. ஆசியாவின் நவீனப் போர்களில் விளைவுகள் இந்த அளவுக்கு முறையாக ஆராயப்பட்டவை மிகக் குறைவு. ஊர் ஊராகப் போய் உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டும், இடுகாடுகளில் கல்லறைகளை எண்ணியும் அந்த ஆய்வு நடந்தது. காரணங்களை ஆராய்ந்தவர்களோ வாஷிங்டனிலும் கான்பெராவிலும் ரகசியக் கோப்புகள் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணங்கள்

சந்தன மரத்தைத் தேடி 16-ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியரிடம் காலப்போக்கில் தீவின் கிழக்குப் பாதி மட்டும் தங்கியது. மேற்குப் பாதி டச்சுக்காரர் வசமாகி, பிறகு இந்தோனேசியாவுடன் சேர்ந்தது. 1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் இளம் ராணுவ அதிகாரிகள் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். காலனிகளை விட்டு விலகுவது என்று புதிய அரசு முடிவெடுத்ததும் திலியில் கட்சிகள் முளைத்தன. போர்த்துகலிடமிருந்து படிப்படியாகப் பிரிய விரும்பியது யுடிடி. பிரெட்டிலின் முழு விடுதலை கேட்டது. இந்தோனேசியாவுடன் சேர விரும்பிய அப்போதெத்தி இம்மூன்றில் சிறியது.

1975 ஆகஸ்ட் 11 அன்று யுடிடி ஆயுதத்தோடு அதிகாரத்தைக் கைப்பற்றியது. பிரெட்டிலின் திருப்பித் தாக்கி, சில வாரங்களில் நாட்டைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த உள்நாட்டுச் சண்டையில் 1,500 முதல் 3,000 பேர் வரை இறந்ததாகப் பின்னாளில் மதிப்பிடப்பட்டது. நவம்பர் 28 அன்று பிரெட்டிலின் விடுதலையை அறிவித்தது. ஒன்பது நாளில் படையெடுப்பு வந்தது.

திமோரியர் ஒருவரையொருவர் வெட்டி மடிந்ததால் தலையிட நேர்ந்தது என்பதே ஜகார்த்தா நெடுங்காலம் சொன்ன விளக்கம். காலவரிசையே அதைப் பொய்யாக்குகிறது. திமோரைத் தன்வசமாக்க இந்தோனேசிய உளவுத்துறை நடத்திய ‘ஓபராசி கொமோடோ’ என்ற மறைமுக நடவடிக்கை, ஆகஸ்ட் சண்டைக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டது. உள்நாட்டுப் பூசல் ஜகார்த்தாவுக்கு வாய்ப்பாக அமைந்தது. திட்டம் அதற்கு முன்பே இருந்தது.

அந்தத் திட்டத்துக்கு உலகில் எதிர்ப்பு எழாமல் போனதற்குப் பனிப்போர் முக்கியக் காரணம். 1965-66இல் கம்யூனிஸ்டுகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களைக் கொன்று குவித்த பிறகு அதிகாரத்துக்கு வந்த இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ, அமெரிக்காவின் நம்பகமான கூட்டாளி. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்திருந்தது. இன்னொரு இடதுசாரி அரசு என்ற பேச்சே வாஷிங்டனுக்குக் கசந்தது. திமோருக்கு வடக்கே உள்ள ஆழமான நீரிணைகள் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களின் பாதையாகவும் இருந்தன. படையெடுப்புக்கு முந்தைய நாள், டிசம்பர் 6 அன்று, அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிசிங்கரும் ஜகார்த்தாவில் சுகார்த்தோவைச் சந்தித்தனர். சுகார்த்தோ திமோர் பற்றிப் பேச்செடுத்தபோது, தாங்கள் தடுக்கப்போவதில்லை என்பதை ஃபோர்டு தெரிவித்தார். எதைச் செய்தாலும் விரைவாக முடிய வேண்டும் என்பதே கிசிங்கரின் கவலை. அந்த உரையாடலின் முழுக் குறிப்பு 2001 டிசம்பரில்தான் வெளியானது. கொலை நடந்து கால் நூற்றாண்டு கழித்தே உடந்தைக்கான எழுத்துச் சான்று கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் கணக்கு வேறு. பிரதமர் விட்லம் 1974 செப்டம்பரிலேயே, திமோர் இந்தோனேசியாவுடன் சேர்வதைத் தாம் விரும்புவதாகச் சுகார்த்தோவிடம் கூறியிருந்தார். திமோர் கடலின் அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருந்தன. 1989 டிசம்பரில் இரு நாடுகளும் அதைப் பங்கிட ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐ.நா. பாதுகாப்பு அவையோ 1975 டிசம்பர் 22 அன்றே படைகள் விலக வேண்டும் எனத் தீர்மானித்திருந்தது. அதைச் செயல்படுத்த ஒருவரும் முன்வரவில்லை. 1976 ஜூலையில் இந்தோனேசியா திமோரைத் தன் 27-ஆவது மாகாணம் என்று அறிவித்தது.

மலைகளும் முகாம்களும்

படையெடுப்பின்போது மக்களில் பெரும்பகுதியினர் பிரெட்டிலினோடு மலைகளுக்கு ஏறினார்கள். அங்கே பயிரிட்டார்கள், பள்ளி நடத்தினார்கள். 1977-78இல் அமெரிக்கா கொடுத்த பிராங்கோ விமானங்கள் அம்மலைகளின் மீது குண்டு வீசின. தோட்டங்கள் எரிந்தன, கால்நடைகள் செத்தன. கடைசிப் புகலிடமாக இருந்த மாதேபியான் மலை 1978 நவம்பரில் வீழ்ந்தது.

கீழே இறங்கிச் சரணடைந்தவர்களை ராணுவம் முகாம்களில் அடைத்தது. சுற்றுவட்டத்தைத் தாண்டிப் போய்ப் பயிர் செய்யவோ கிழங்கு தோண்டவோ அனுமதி இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் பெரிய அளவில் நிவாரணத்தோடு உள்ளே வர 1979-இன் பிற்பகுதி ஆகிவிட்டது. வறட்சியால் வந்த பஞ்சம் என்று இதைச் சொல்வது தவறு. உணவு அழிக்கப்பட்டது, தேடும் வழி அடைக்கப்பட்டது, உதவி தடுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் எங்கோ ஓர் அதிகாரி எடுத்த முடிவு.

எண்ணிய விதம்

ஆக்கிரமிப்புக் காலத்தில் இறந்தவர்கள் 2 லட்சம் என்ற எண் பல ஆண்டுகளாகப் புழங்கியது. 1975-இல் மொத்த மக்கள்தொகையே சுமார் ஆறரை லட்சம். இந்தோனேசிய அதிகாரிகள் அதைவிடக் குறைந்த எண்களைச் சொல்லிவந்தார்கள். இரு தரப்பிடமும் முறையான கணக்கு இல்லை.

விடுதலைக்குச் சற்று முன் அமைக்கப்பட்ட ‘வரவேற்பு, உண்மை, நல்லிணக்க ஆணையம்’ 2002-இல் பணியைத் தொடங்கியது. தலைவர் அனிசெத்தோ குத்தேரஸ் லோபஸ் என்ற மனித உரிமை வழக்கறிஞர். கைதிகளை வதைத்த பாலிடே சிறைச்சாலையையே ஆணையம் தன் அலுவலகமாக்கியது. மரணக் கணக்குக்காக அது மூன்று வழிகளில் தரவு திரட்டியது. பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளும் தாமே முன்வந்து தந்த வாக்குமூலங்கள் 7,669. குலுக்கல் முறையில் தேர்ந்த 1,396 வீடுகளில், யார் எப்போது எப்படி இறந்தார்கள் என்று விசாரிக்கப்பட்டது. பொது இடுகாடுகளில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகள் பதிவு செய்யப்பட்டன.

மூன்று பட்டியல்களிலும் ஒரே இறப்பு எத்தனை முறை திரும்ப வருகிறது என்று புள்ளியியலாளர்கள் ஒப்பிட்டார்கள். ஒரு பட்டியலில் உள்ள பெயர்களில் பல மற்றவற்றிலும் இருந்தால், விடுபட்டவர்கள் குறைவு. பொருந்துபவை சிலவே என்றால், எந்தப் பட்டியலுக்கும் வராமல் போனவர்கள் மிகுதி. அந்தப் பொருத்தத்தின் அளவிலிருந்து பதிவாகாத கொலைகளின் எண்ணிக்கையை மதிப்பிட முடியும்.

கிடைத்த விடை: போரால் இறந்தவர்கள் குறைந்தது 1,02,800 பேர், பிழை வரம்பு 12,000. இவர்களில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 18,600. பசியாலும் நோயாலும் இயல்பான அளவுக்கு மேல் இறந்தவர்கள் சுமார் 84,200. ஆயுதம் கொன்றதைப் போல நான்கு மடங்குக்கு மேல் பசி கொன்றிருக்கிறது. பசிச் சாவுகளின் மேல் எல்லை 1,83,000 வரை போகலாம் என்றும் அறிக்கை ஒப்புக்கொண்டது. வீட்டு விசாரணைக்கு ஓர் இயல்பான குறை உண்டு: முழுக் குடும்பமும் மாண்டிருந்தால், வாசல் தேடி வருபவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. எனவே குறைந்தது என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த எண்ணை மேற்கோள் காட்டுவது, பசியால் இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி.

கொலைகளிலும் காணாமல் போனதிலும் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்தோனேசியப் படைகளும் அவற்றின் துணைக் குழுக்களும் பொறுப்பு. மீதியில் பெரும்பங்கு திமோரியக் கட்சிகளுடையது. பிரெட்டிலின் தன் கைதிகளைக் கொன்றதும், தன் தலைவர்களையே சிறையில் அடைத்ததும் அறிக்கையில் மறைக்கப்படவில்லை. 2003 டிசம்பரில் நடந்த பொது விசாரணையில், அதிகாரத்தில் இருந்த தலைவர்கள் உட்படப் பலர் 1975-இன் உள்நாட்டுச் சண்டையில் தங்கள் பங்கை மக்கள் முன் பேசினார்கள். ஆணையத்தின் பணிகளில் மிகத் துணிவானது இதுவே.

சான்றும் வாக்கும்

1991 நவம்பர் 12 அன்று திலியின் சாந்தா குரூஸ் இடுகாட்டில் ஊர்வலம் வந்த இளைஞர்களை ராணுவம் சுட்டது. பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளர் மேக்ஸ் ஸ்டால் படமெடுத்த நாடாக்களை அங்கேயே ஒரு கல்லறையில் புதைத்துவைத்து, பின்னர் மீட்டு வெளியே அனுப்பினார். அரசு முதலில் 19 பேர் இறந்தனர் என்றது. போர்த்துகலில் தொகுக்கப்பட்ட பட்டியலில் 271 பெயர்கள் இருந்தன. படம் வெளியான பிறகு திமோரை மறந்திருந்த நாடுகளால் மௌனம் காக்க முடியவில்லை. 1996-இல் திமோரின் ஆயர் கார்லோஸ் பெலோவுக்கும் விடுதலைப் போராட்டத் தலைவர் ஜோசே ராமோஸ் ஹோர்த்தாவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆசிய நிதி நெருக்கடியில் சுகார்த்தோ 1998 மே மாதம் வீழ்ந்தார். அடுத்து அதிபரான ஹபிபி திமோரின் எதிர்காலம் குறித்த வாக்கெடுப்புக்கு இசைந்தார். 1999 ஆகஸ்ட் 30 அன்று வாக்களித்தவர்களில் 78.5 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தனர். ராணுவமும் அது வளர்த்த ஆயுதக் குழுக்களும் நாட்டை எரித்தன. சுமார் 2.5 லட்சம் பேர் மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள். செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியது. 2002 மே 20 விடுதலை நாள்.

நீதி

1999 குற்றங்களுக்காக ஐ.நா. உதவியோடு திலியில் இயங்கிய தனி நீதிமன்றம் 84 பேரைத் தண்டித்தது. குற்றப்பத்திரிகையில் இடம்பெற்ற மற்ற முந்நூற்றுக்கும் மேற்பட்டோர், தளபதி விரந்தோ உட்பட, இந்தோனேசியாவிலேயே இருந்ததால் விசாரணைக்கு வரவில்லை. ஜகார்த்தாவில் நடந்த சிறப்பு நீதிமன்றத்தில் 18 பேர் நிறுத்தப்பட்டு, ஆறு பேர் தண்டனை பெற்று, மேல்முறையீடுகளில் ஆறு பேருமே விடுதலையானார்கள்.

‘செகா!’ (போதும்!) என்ற தலைப்பிட்ட ஆணைய அறிக்கை 2005 அக்டோபர் 31 அன்று அதிபர் சனானா குஸ்மாவோவிடம் தரப்பட்டது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் அது, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும், அதில் இந்தோனேசியாவும் அதற்கு ஆயுதம் கொடுத்த நாடுகளும் பங்கேற்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கொரில்லாப் போரை நடத்தி ஜகார்த்தாவில் சிறையிருந்த குஸ்மாவோ அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. பெரிய அண்டை நாட்டோடு இணக்கம் முக்கியம் என்பது அவர் நிலை. ஒரு சின்ன நாட்டின் தலைவருக்கு அது புரிந்துகொள்ளத்தக்க கணக்குதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் விதவைகளும் வதைபட்ட பெண்களும். இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த மற்றொரு ஆணையம் 2008-இல் இந்தோனேசிய நிறுவனங்களின் பொறுப்பை ஏற்றது. அதிபர் யுதோயோனோ வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, வழக்கும் தொடரப்படவில்லை.

அறிக்கையின் பரிந்துரைகளை முன்னெடுக்க 2016-இல் ‘செகா தேசிய மையம்’ நிறுவப்பட்டது. பாலிடே சிறையில் சேர்த்த வாக்குமூலங்கள் அதன் பொறுப்பில் உள்ளன. 2018-இல் ஆஸ்திரேலியாவுடன் கடல் எல்லை முடிவானது; 2025 அக்டோபரில் திமோர்-லெஸ்தே ஆசியானின் 11-ஆவது உறுப்பினரானது. ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்தோனேசியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட பிள்ளைகள் பல ஆயிரம் பேர். அவர்களில் சிலரை நடுவயதில் கண்டுபிடித்து, மனித உரிமை அமைப்புகள் சொந்த ஊருக்கு அழைத்து வந்து உறவினரிடம் சேர்த்து வருகின்றன.