இஸ்ராயேல் மக்களின் செபமும் போதுமென்ற மனமும்

யூபிலி என்ற சொல்லை நாம் எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொடியேற்றம், தேர்பவனி, கூட்டுத் திருப்பலி, சமபந்தி விருந்து, மலர் வெளியீடு என்று அதைச் சிறப்பாகக் கொண்டாடியும் விடுகிறோம். அந்தச் சொல் பிறந்த இடமோ வேறு. எபிரேய மொழியில் 'யோபேல்' என்றால் ஆட்டுக்கிடாயின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதி விடுதலையை அறிவிக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 25-ஆம் அதிகாரம். விற்ற நிலம் பழைய குடும்பத்திற்குத் திரும்பும். கடனுக்காக அடிமையானவன் தன் வீட்டுக்குத் திரும்புவான். நிலமும் உழப்படாமல் ஓய்ந்திருக்கும். ஏழாம் ஆண்டிலும் நிலத்துக்கு ஓய்வு உண்டு. விதைக்காமல் போனால் எதைத் தின்பது என்று மக்கள் அஞ்சுவார்கள் என்பதையும் அதே அதிகாரம் மறைக்காமல் சொல்லியிருக்கிறது. ஆகவே யூபிலி என்பது முதலில் கொண்டாட்டம் அன்று. 'இருப்பது போதும், இறைவன் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு மக்களினம் துணிவதற்கு வைக்கப்பட்ட சோதனை என்றே சொல்லலாம்.

அந்தத் துணிவைப் பற்றியே இம்மலரில் எழுத விரும்பினோம். எழுத உட்காரும்போது ஒரு தயக்கமும் கூடவே வந்தது. வங்கக் கடலோரத்தில் புதுச்சேரியின் வட எல்லையாக அமைந்துள்ள நம் ஊரில், படகுக்கு வாங்கிய முன்பணத்துக்காகப் பிடித்த மீனை வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களும் அடுப்பு எரிய வேண்டுமே என்று கவலைப்படும் தாய்மாரும் உண்டு. இவர்களிடம் போய், "உள்ளதே போதும் என்றிருங்கள்" என்று பீடத்திலிருந்து சொல்வது எவ்வளவு எளிது! அதைக் கேட்டு மகிழ்பவர்கள் கடன் கொடுத்தவர்கள் மட்டுமே. திருச்சபையின் பிரசங்கங்கள் சில காலங்களில் இப்படிப் பயன்பட்டதும் உண்டு என்பதை மறுக்க முடியாது. எனவே போதுமென்ற மனம் எது, அநியாயத்துக்குத் தலையாட்டுவது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு இஸ்ராயேல் மக்களின் வரலாற்றைப் போல் உதவும் நூல் வேறொன்றையும் நாம் அறியோம்.

இந்த வரலாறு வெறும் கதையன்று. பார்வோன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டு ஒன்றை ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேய அறிஞர் 1896-இல் எகிப்தின் தீப்ஸ் நகரில் கண்டெடுத்தார். சுமார் கி.மு. 1208-ஐச் சேர்ந்த அந்தக் கல்லில் இஸ்ராயேல் என்ற பெயர் வருகிறது. விவிலியத்துக்கு வெளியே அந்தப் பெயருக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று அதுவே எனப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கின்றனர்.

யாத்திராகமத்தின் தொடக்கத்தில் அவர்கள் செங்கல் அறுக்கும் அடிமைகள். வேலையின் கொடுமை தாங்காமல் அவர்கள் கதறியதை 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தக் கதறல் யாரை நோக்கி என்றுகூட அங்கே சொல்லப்படவில்லை. அது முறையான செபம் அன்று; காணிக்கையோ பலியோ அதற்கில்லை. ஆயினும் இறைவன் கேட்டார், மோயீசனை அனுப்பினார். (மோசே என்று இப்போது சொல்கிறோம். மோயீசன் என்பதே நம் பாட்டனாரின் நாவுக்குப் பழகிய பெயர்.) அடிமையின் கதறலை இறைவன் முணுமுணுப்பு என்று சொல்லவில்லை, பொறுமையாயிரு என்று கடிந்துகொள்ளவும் இல்லை. இதை நம் பங்கு மக்கள் நன்றாக மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முணுமுணுப்பு அதன் பிறகு, விடுதலை பெற்ற பிறகுதான் வருகிறது. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை மீனவர் ஊரில் வாசிப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு. பாலைவனத்தில் மக்கள் எகிப்தை நினைத்து ஏங்குகிறார்கள். எதை நினைத்து? வெள்ளரிக்காய், முலாம்பழம், வெங்காயம், பூண்டு என்று பட்டியல் நீளுகிறது. ஆனால் முதலில் வருவது மீன்! அதுவும் விலையில்லாமல் கிடைத்த மீன் என்கிறார்கள்.

விலையில்லாத மீன் என்று உலகில் ஒன்று உண்டா என்று வலை இழுத்தவர்களைக் கேட்டால் தெரியும். எகிப்து நாட்டிலும் இல்லை. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்கள் வாழ்ந்த தெயிர் எல் மெதினா என்ற குடியிருப்பில் ஆயிரக்கணக்கான ஓட்டுச் சில்லுகளில் எழுதிய கணக்குகள் கிடைத்துள்ளன. அவர்களுக்குத் தானியத்தோடு மீனும் காய்கறியும் கூலியாகவே அளக்கப்பட்டன. மூன்றாம் ராம்சேஸ் மன்னனின் 29-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில், கூலி தாமதப்பட்டபோது அவர்கள் வேலையை விட்டு வெளியேறிக் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியால் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை என்று அவர்கள் முறையிட்டது, இன்று இத்தாலியின் தூரின் நகரில் உள்ள பாப்பிரஸ் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்வார்கள். அவர்கள் அடிமைகளல்லர், கூலி பெற்ற தொழிலாளர். அவர்களுக்கே மீன் உழைப்பின் விலை என்றால், அடிமைகளுக்கு அது இலவசமாகவா வந்திருக்கும்? முதுகுத் தோலை விலையாகக் கொடுத்துத் தின்ற மீனையே, சில காலத்திற்குள் இலவசம் என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். நிறைவில்லாத மனம் முதலில் செய்வது இதுதான்: நினைவையே திருத்தி எழுதிவிடும்.

அவர்களுக்கு இறைவன் கொடுத்தது மன்னா. சீனாய்ப் பகுதியில் தாமரிஸ்க் என்னும் ஒருவகைப் புதர்ச் செடியில் வாழும் சிறு பூச்சிகள் இனிப்பான துளிகளைச் சுரக்கின்றன. அவை உறைந்து உதிர்வதை அங்குள்ள நாடோடி மக்கள் பொறுக்கித் தின்பதுண்டு. போடென்ஹைமர் என்ற உயிரியல் அறிஞர் 1927-இல் நேரில் சென்று இதனை ஆராய்ந்தார். இதனால் புதுமை குறைந்துவிட்டது என்று சிலர் அஞ்சுவர். நமக்கு அந்த அச்சம் இல்லை. மன்னாவின் பெரும் புதுமை அது விழுந்த விதத்தைவிட அதை அளந்த விதத்தில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஓமர், அதாவது சுமார் 2 லிட்டர். அதிகம் பொறுக்கியவனுக்கும் மிஞ்சவில்லை, குறைவாகப் பொறுக்கியவனுக்கும் குறையவில்லை. நாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காக முந்தின நாள் எடுத்த இரட்டை அளவு மட்டும் கெடவில்லை. கர்த்தர் கற்பித்த செபத்தில் அன்றன்றைய உணவை நாம் கேட்கும்போது இந்த ஓமர் அளவைத்தான் கேட்கிறோம். 'எனக்கு' என்று கேட்காமல் 'எங்களுக்கு' என்று கேட்பதால், அடுத்த வீட்டுக்காரருடைய ஓமரும் அதில் அடங்கும்.

புதுச்சேரி மறைமாவட்டத்தின் மூதாதையருக்கு இந்தச் செபத்தின் பொருள் யாரும் விளக்காமலே தெரிந்திருந்தது. தாது வருடப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த 1876-78 கொடும் பஞ்சத்தில் கஞ்சிக்கும் வழியின்றி மக்கள் மடிந்தனர். மேற்றிராணியார் லவுனான் காலத்து வேதபோதகக் குருக்களை நாடி அப்போது ஆயிரக்கணக்கான ஏழைகள் வந்தனர். கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று அவர்களைப் பின்னாளில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. பசித்தவன் உணவு கேட்பதை ஏளனம் செய்பவர், யாத்திராகமத்தின் 2-ஆம் அதிகாரத்தையும் வாசிக்கவில்லை, கர்த்தர் கற்பித்த செபத்தையும் கவனித்துச் சொல்லவில்லை என்றே கூறுவோம்.

மன்னா சலித்துப்போய் இறைச்சி கேட்டவர்களுக்குக் காடைகள் வந்தன. கடலிலிருந்து வீசிய காற்று அவற்றைக் கொண்டுவந்து பாளையத்தைச் சுற்றித் தள்ளியது என்கிறது எண்ணாகமம். ஐரோப்பாவிலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து வரும் காடைக் கூட்டம் களைத்துக் கரையில் விழுவதும், சீனாயின் வடகரை மக்கள் வலை கட்டி அவற்றைப் பிடிப்பதும் அண்மைக் காலம் வரை அறியப்பட்ட செய்தி. இஸ்ராயேலர் அன்று பகலும் இரவும் மறுநாள் முழுவதும் சேர்த்தார்கள். மிகக் குறைவாகச் சேர்த்தவனிடம் பத்து கோமர் இருந்தது. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எசேக்கியேல் தரும் அளவைப்படி ஒரு கோமரில் பத்து ஏபா. யாத்திராகமத்தின்படி ஒரு ஏபாவில் பத்து ஓமர். ஆகப் பத்து கோமர் என்பது ஆயிரம் ஓமர்! ஒரு நாளைக்கு ஒரு ஓமர் என்று பழகியவன், இரண்டு நாளில் ஆயிரம் நாள் அளவைக் குவித்துவிட்டான். அவற்றைப் பாளையத்தைச் சுற்றிலும் பரப்பி வைத்தார்களாம். நம் கரையில் கருவாடு காயப்போட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி எளிதில் புரியும். பல்லுக்கிடையில் இறைச்சி இருக்கும்போதே கொள்ளைநோய் வந்தது. அந்த இடத்துக்கு 'ஆசையின் கல்லறைகள்' என்று பெயராயிற்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். கடல் எழுந்து வந்து நம் கரையையும் அடித்ததை யாரும் மறக்கவில்லை. அப்போது மக்கள் எழுப்பியது கதறல். இறைவன் கேட்கும் கதறல். உதவியும் பல திக்குகளிலிருந்து வந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் தமிழகக் கரையோரம் நெடுகிலும் இழந்ததைவிட அதிகமான பைபர் படகுகள் வந்து நின்ற ஊர்கள் உண்டு. படகு பெருகியது, கடலில் மீன் பெருகவில்லை. பிறகு சுருக்குமடி வலையைப் பற்றி ஊருக்கு ஊர் மூண்ட சண்டைகளையும் கண்டோம். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆயினும் ஓமருக்கும் கோமருக்கும் உள்ள வேறுபாட்டை நம் கடல் இன்று வேறு மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

செபிப்பது எப்படி என்று கேட்போருக்கு நாம் எப்போதும் அன்னாளையே காட்டுவோம். அரசர்கள் வருமுன், சீலோ என்னும் ஊரில் இறைவனின் பேழை இருந்த காலம். பிள்ளையில்லாத அன்னாள் அங்கே வந்து, சத்தமின்றி உதடுகள் மட்டும் அசைய, அழுதுகொண்டே மன்றாடினாள். அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணினார் குரு ஏலி! (குருக்களுக்கு இந்த வரி ஒரு நல்ல பாடம். கோயிலில் மூலையில் உட்கார்ந்து அழுபவர்களைப் பற்றி நாம் எத்தனை தவறான முடிவுகளுக்கு வந்திருப்போமோ!) அவள் விளக்கம் சொன்னபின் ஏலி ஆசீர்வதித்து அனுப்பினார். அவள் போய்ச் சாப்பிட்டாள். அதன்பின் அவள் முகம் வாடியிருக்கவில்லை. பிள்ளை கிடைக்கவில்லையே இன்னும்! கருவுற்ற செய்தி அதற்கப்புறம்தான் வருகிறது. நேர்த்தி நேர்ந்துகொண்டவள்தான் அவளும். ஆனால் முகம் தெளிந்தது வரம் கிடைத்ததனால் அன்று, மனத்திலுள்ளதை இறைவன் முன் முழுவதும் கொட்டியதனால். குறையே இல்லாதவன்போல் நடிப்பதைப் போதுமென்ற மனம் என்று கருதுவோர் அன்னாளின் கண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் மகன் சாமுவேல் முதுமையடைந்தபோது மக்கள் அரசன் வேண்டும் என்று கேட்டார்கள். காரணம், மற்ற இனத்தாருக்கெல்லாம் அரசன் இருக்கிறான் என்பது. அடுத்த வீட்டைப் பார்த்துச் செய்யும் செபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அரசன் உங்கள் மக்களை வேலைக்கு எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பான் என்று சாமுவேல் எச்சரித்தும் அவர்கள் கேட்கவில்லை. அரசர்கள் வந்தார்கள். கிபெயோனில் ஞானத்தைக் கேட்டு அழகாகச் செபித்த சாலமோனின் ஒரு நாள் அரண்மனைச் செலவை அரசர் ஆகமம் கணக்கிட்டுத் தருகிறது: 90 கோர் மாவு, 30 எருதுகள், 100 ஆடுகள். கோரும் கோமரும் ஒரே அளவு. ஆக மாவு மட்டும் 9,000 ஓமர். லீபானுக்கு மரம் வெட்ட அவர் அனுப்பிய கட்டாய வேலையாட்கள் 30,000 பேர். அவர் மறைந்ததும் நாடு இரண்டாக உடைந்தது. வடநாட்டுத் தலைநகரான சமாரியாவில் நூற்றுக்கணக்கான தந்த வேலைப்பாட்டுத் துண்டுகளை 1930-களில் தோண்டி எடுத்தார்கள். தந்தக் கட்டிலில் புரண்டவர்களைத் தெக்கோவா ஊர் இடையனான ஆமோஸ் இடித்துரைத்தது வெறும் அலங்காரச் சொல்லன்று என்பதற்கு அவை சாட்சி. கி.மு. 722 அளவில் அசீரியர் வந்து அந்நகரைப் பிடித்தனர்.

பழமொழி ஆகமத்தின் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர் ஒரு செபம் செய்கிறார். வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம். தேவையான உணவை மட்டும் தாரும் என்பது அதன் கருத்து. வயிறு நிரம்பினால் இறைவனை மறுத்துவிடுவேனோ, இல்லாமல் போனால் திருடிவிடுவேனோ என்று அஞ்சுகிறார். இரண்டு பக்கமும் அஞ்சுகிற நேர்மையை அதில் கவனியுங்கள். வறுமையைப் புண்ணியமென்று அவர் புகழவில்லை.

பாபிலோனிலிருந்து மக்கள் திரும்பி வந்து யெருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கி.மு. 445-இல், ஏழைகள் மீண்டும் கதறினார்கள். இம்முறை பார்வோனுக்கு எதிராக அன்று, சொந்தச் சகோதரர்களுக்கு எதிராக. உணவுக்காகவும் அரச வரிக்காகவும் நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளையே அடிமைகளாக விடும் நிலை. ஆளுநராக இருந்த நெகேமியா அதைக் கேட்டுக் கோபம் கொண்டார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஏழைகளிடம் அவர் சொல்லவில்லை. பெரியவர்களைக் கூட்டி நிறுத்தினார். தாமும் தம் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதைச் சொல்லி, எல்லோருமே அதை விட்டுவிடுவோம், நிலங்களையும் நூற்றுக்கு ஒன்று என்று வாங்கிய வட்டியையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்றார். (மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று அறிஞர் பலர் பொருள் கொள்வர். நம் கரையில் வாங்கப்படும் கந்துவட்டியை எண்ணினால் அது அற்பம்!) குருக்களை அழைத்து அவர்கள் முன்னிலையில் சத்தியமும் வாங்கினார், தம் மேலாடையை உதறிக் காட்டி, சொன்னதைச் செய்யாதவனை இறைவன் இப்படி உதறுவாராக என்றார். மக்கள் 'ஆமென்' என்றார்கள். நாம் ஒவ்வொரு பூசையிலும் சொல்லும் அதே ஆமென்தான். சொன்னபடி செய்தும் முடித்தார்கள்.

நெகேமியாவின் சாப்பாட்டு மேசையைப் பற்றியும் அதே அதிகாரத்தில் ஒரு கணக்கு உண்டு. நாள்தோறும் 150 பேர் அவரோடு உண்டார்கள்; அதற்கு ஒரு மாடு, ஆறு ஆடுகள், சில கோழிகள். ஆளுநருக்கென்று மக்களிடம் வாங்க வேண்டிய உணவுப் படியை அவரும் அவர் சகோதரர்களும் 12 ஆண்டுகள் தொடவில்லை. மக்கள் சுமந்துகொண்டிருந்த பாரம் போதும் என்று அவர் எண்ணினார்.