மூன்று இலட்சம் உயிர்கள்: 1737 கல்கத்தா நிலநடுக்கச் செய்தி குறித்த ஆவணத் திறனாய்வு

நிலநடுக்கத்தைக் கருவியால் பதிவுசெய்யும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெற்றது. ஆனால் ஒரே நிலப்பிளவில் பெரும் நிலநடுக்கம் மீண்டும் நிகழச் சில நூறு ஆண்டுகளோ அதனினும் மிகுதியாகவோ ஆகலாம். 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலத்துக் கில்லாரியில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைப் பலிகொண்ட நிலநடுக்கம், அன்றைய மண்டல வரைபடம் மிகக் குறைந்த இடருடையதெனக் காட்டிய பகுதியில் நிகழ்ந்தது. கருவிப் பதிவுகளின் இக்குறையை ஈடுசெய்யவே நிலவியலார் பழைய எழுத்துச் சான்றுகளை நாடுகின்றனர். அவற்றை அவர்கள் பெரும்பாலும் பட்டியல் வடிவிலேயே பெறுகின்றனர். அவ்வடிவில் மூல ஆவணத்தின் இயல்பு மறைந்துவிடுகிறது. அம்மறைவின் விளைவை 1737ஆம் ஆண்டுக் கல்கத்தா நிகழ்வைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1737 அக்டோபர் 11 அன்று கல்கத்தாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் மூன்று இலட்சம் பேர் மாண்டனர் என்னும் குறிப்பு நெடுங்காலம் நிலநடுக்கப் பட்டியல்களில் இடம்பெற்றிருந்தது. உலக வரலாற்றின் மிகக் கொடிய நிலநடுக்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. இலண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ 1738இல் பெரும்புயலையும் நிலநடுக்கத்தையும் ஒருசேர வருணித்தது. இருபதாயிரம் கலங்கள் அழிந்தன என்றும், ஆங்கிலேயர் தேவாலயத்தின் கோபுரம் உடையாமலே மண்ணுள் இறங்கிற்று என்றும் கூறியது. கோபுரம் பற்றிய இக்கூற்றே வாசிப்பவரை ஐயுறச் செய்திருக்க வேண்டும்.

ரோஜர் பில்ஹாம் 1994இல் இச்செய்தியின் மூலங்களை ஆராய்ந்தார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரி தண்டும் அலுவலராக இருந்த தாமஸ் ஜோஷுவா மூர் என்பவரின் அறிக்கை புயலையும் வெள்ளத்தையும் மட்டுமே கூறுகிறது. கூரை வீடுகள் ஏறத்தாழ அனைத்தும் அழிந்தன. நகர மக்களுள் 3,000 பேர் இறந்தனர். நிலநடுக்கம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அன்றைய கல்கத்தாவின் மக்கள்தொகையே இருபதாயிரம் அளவினதுதான் என மதிப்பிடப்படுகிறது. மூன்று இலட்சம் என்னும் எண்ணிக்கை வங்கக் கழிமுகம் முழுவதையும் கருதிக் கூறப்பட்டதாயினும், அது நிலநடுக்கத்தின் பலி அன்று.

இவ்விரு சான்றுகளுள் மூரின் அறிக்கை ஏற்கத்தக்கது என்பதற்கு அது அரசாங்க ஆவணம் என்பது மட்டும் காரணமாகாது. அரசாங்க ஆவணங்களும் பொய்யுரைக்கும். வீடுகளின் எண்ணிக்கையும் குடிகளின் எண்ணிக்கையும் வருவாயைப் பாதிப்பவை. அவற்றை அறிவது அவ்வலுவலரின் பணி. நிலம் அதிர்ந்து கட்டடங்கள் விழுந்திருந்தால் அதை மறைப்பதால் அவருக்கு யாதொரு பயனும் இல்லை. தொலைவிலிருந்து எழுதிய இதழாளர்க்கோ வியப்பே விற்பனைப் பொருள்.

பட்டியலில் ஏறியபின் பிழை பெருகும் வகை வேறு. பின்வந்த ஒவ்வொரு நூலும் முந்தைய நூலை வழிமொழிய, ஒரே கூற்று பல சான்றுகள் போலத் தோற்றமளிக்கிறது. நாட்காட்டி வேறுபாடும் குழப்பம் விளைக்கும். பிரித்தானியர் 1752 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர்; அவர்கள் குறித்த செப்டம்பர் 30தான் புதிய முறையில் அக்டோபர் 11. இதையறியாத தொகுப்பாளர் ஒரு நிகழ்வை இரண்டாக்கிவிடக்கூடும்.

பொய்யான ஒரு பேரதிர்வு கணக்கில் சேருமாயின், சேத வருணனையிலிருந்து அதிர்வுச் செறிவும், செறிவிலிருந்து நிலநடுக்க அளவும், அதிலிருந்து மீள்நிகழ் காலமும் பிழையாகவே பெறப்படும். அதற்காகக் கல்கத்தாவுக்கு இடரில்லை என்பதும் பொருந்தாது. 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பகுதியில் நிகழ்ந்த பெருநிலநடுக்கம் அந்நகரக் கட்டடங்களைச் சிதைத்தது ஐயத்திற்கிடமற்ற செய்தி.

எழுத்துச் சான்று தரக்கூடிய துல்லியத்திற்கு எதிர்மறையான எடுத்துக்காட்டும் உண்டு. 1700ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஜப்பானியக் கடற்கரையூர்கள் சிலவற்றில் நில அதிர்வு உணரப்படாமலே ஆழிப்பேரலை புகுந்ததை வணிகர், சாமுராய் அலுவலர், ஊர்த்தலைவர் ஆகியோர் தனித்தனியே எழுதிவைத்தனர். ஒருவரை ஒருவர் பார்த்தெழுதாத இப்பதிவுகளைக்கொண்டு, வட அமெரிக்க மேற்குக் கரையின் கஸ்கேடியா நிலநடுக்கம் ஜனவரி 26 அன்று இரவு ஏறத்தாழ 9 மணிக்கு நிகழ்ந்ததெனக் கணித்தனர். அக்கரையில் கடல்நீர் புகுந்து பட்டுப்போன மரங்களின் வளையங்களும் இதனோடு ஒத்துப்போயின.

தமிழகத்தில் 1900 பிப்ரவரி 8 அன்று நிகழ்ந்த கோயம்புத்தூர் நிலநடுக்கத்திற்கு முற்பட்ட காலத்தை ஆராய்வோர் கல்வெட்டுகளை நாடுவது இயல்பே. ஆயின் கோயில் சிதைந்து கிடந்தது, திருப்பணி செய்யப்பட்டது என்னும் தொடர்கள் சிதைவின் காரணத்தைக் கூறுவதில்லை. வெள்ளம், படையெடுப்பு, காலமுதிர்ச்சி ஆகிய எதுவும் காரணமாகலாம். அருகருகே உள்ள பல ஊர்க் கோயில்களில் குறுகிய கால எல்லைக்குள் திருப்பணி நிகழ்ந்து, கற்களின் இடப்பெயர்ச்சியும் ஒரே திசை நோக்கியிருப்பது களத்தில் புலப்பட்டாலன்றி, அத்தகைய கல்வெட்டை நிலநடுக்கப் பட்டியலில் சேர்ப்பதற்கில்லை.