காட்மியம், துத்தநாகம், ஒரு பழைய எலிக் கதை (த்ரெட்)

1) "இலைச்சாறு நானோ துகள் சாப்பிட்டா உலோக விஷத்துல இருந்து விந்தணுவைக் காப்பாத்தலாமா டாக்டர்?" இதுக்குப் பதில் சொல்ல 1956-க்குப் போகணும்.

2) அந்த வருஷம் பிராக் நகரில் பார்ஷீசெக், சாஹோர் என்ற இருவர் எலிகளுக்குக் காட்மியம் உப்பை ஊசியில் செலுத்திப் பார்த்தாங்க. ஒரே ஊசிதான். விரைக்குள் ரத்தக்கசிவு, பிறகு விந்தணு உண்டாக்கும் திசுவே அழிஞ்சு போச்சு.

3) 1957-ல பார்ஷீசெக், காட்மியத்தோடு துத்தநாகமும் கொடுத்தார். விரை தப்பிச்சது! 1960-ல லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கர் குழுவினர், செலினியமும் இப்படிக் காப்பாத்தும்னு காட்டினாங்க.

4) இன்னைக்கு இலைச்சாறு வச்சுத் தயாரிக்கிற நானோ துகள்களில் பலதும் எது தெரியுமா? அதே துத்தநாகம், அதே செலினியம்! இலையில் உள்ள வேதிப்பொருட்கள் உப்பை நுண்துகளா மாத்தி, அதன்மேல் போர்வை மாதிரி ஒட்டிக்கும்.

5) ஆனா கவனிங்க. இதெல்லாம் பெரும்பாலும் எலி ஆய்வு. அதிலும் விஷத்துக்கு முன்னாடியோ கூடவேயோதான் மருந்து போகுது. மனுஷன் வருஷக்கணக்கா விஷத்தைச் சேர்த்துக்கிட்டு அப்புறம்தான் வர்றான். "இலை"ன்னதும் ஆபத்தில்லைனு நினைக்காதீங்க. அளவு மிஞ்சினா துத்தநாக நானோ துகளே எலியின் விரையைப் பாதிச்சிருக்கு.

6) காட்மியம் எங்கே இருக்கு? முதல்ல சிகரெட்ல. புகையிலைச் செடி மண்ணிலிருந்து அதை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். உடம்புக்குள் போனா சிறுநீரகத்தில் பல வருஷம் தங்கிடும். பேட்டரி, முலாம் பூசும் வேலைகளிலும் தூசியா, புகையா வரும்.

7) அதனால கேப்சூல் தேடுறதுக்கு முன்னாடி சிகரெட்டை விடுங்க. வேலை இடத்தில் காத்தோட்டமும் முகக்கவசமும் கேட்டு வாங்குங்க. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு இதைப் பகிருங்க.