காரைக்காய் கலக்கிய கசம்

உயிரணுவின் சவ்வைக் கரைத்து உள்ளே இருக்கும் புரதத்தை வெளியே எடுக்கும் வித்தை எங்கே பிறந்தது என்று பாடப்புத்தகத்தைக் கேட்டால் ஜெர்மனியைக் காட்டும். ஹைடல்பெர்க்கில் வில்ஹெல்ம் கூனே 1870களின் கடைசியில் தவளையின் விழித்திரையைப் பித்த உப்பில் கரைத்து, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ஊதாநிறப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். மறுக்கவில்லை. ஆனால் விலங்கியல் வாத்தியாராகவே காலத்தை ஓட்டிய நான் இந்தக் கதையைச் செண்பகத்தோப்பில்தான் ஆரம்பிப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம் அது. காட்டழகர் கோயிலுக்கு அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். பளியர் பழங்குடியினரின் குடியிருப்பும் அங்கே உண்டு. இந்த அடிவாரக் காட்டில் மருக்காரை என்று ஒரு முள்மரம் வளர்கிறது. கோடையில் ஓடை வற்றி, அங்கங்கே கசமாகத் தண்ணீர் தேங்கும் நாட்களில் அதன் பச்சைக்காய்க்கு வேலை வரும். பாறையில் வைத்து நசுக்கிக் கசத்தில் கலக்குவார்கள். முதலில் நுரை கிளம்பும். கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு மல்லாந்துவிடும். கையாலேயே அள்ளலாம். "காய் முத்திட்டா சாரம் இல்ல சார், பிஞ்சும் ஆகாது, நடுப்பக்குவம் பாக்கணும்" என்று ஒரு பளியர் பெரியவர் எனக்குச் சொன்னார். அவருடைய அப்பா காலத்து வழக்கம் அது. இந்தியாவின் மலைக்காடுகள் பலவற்றில் இதே காயோ இதே குணமுள்ள வேறு காயோ இதற்குப் பயன்பட்டிருக்கிறது.

காயில் இருப்பது சப்போனின். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரைப்பது அதே இனம்தான். மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை கொழுப்போடு ஒட்டும். உயிரணுவின் சவ்வோ இரண்டடுக்குக் கொழுப்பு. மொத்தம் சில நானோமீட்டர்தான் பருமன். சப்போனின் அதற்குள் நுழைந்து கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொள்ளும்; சவ்வு துளை துளையாகிவிடும். மீனின் செவுளில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய அணுப்படலம் மட்டுமே. அது கெட்டால் மூச்சு முட்டும். மனிதக் குடலோ சப்போனினை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. அதனால்தான் அந்த மீனைச் சமைத்துச் சாப்பிட முடிந்தது.

இதை வகுப்பில் காட்டுவது சுலபம். கறிக்கடையிலிருந்து உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்த ஆட்டு ரத்தம் கொஞ்சம் வாங்கி, 0.9 சதவீத உப்புத்தண்ணீரில் சில துளி விடுவேன். கலங்கலாக இருக்கும். குழாய்க்குப் பின்னால் தினசரித் தாளைப் பிடித்தால் எழுத்து தெரியாது. பிறகு பூந்திக்கொட்டைத் தோல் ஊறிய நீரில் சில சொட்டு. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் போய்க் கண்ணாடிபோலச் சிவப்பாகும், எழுத்தை வாசிக்கலாம். சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் தண்ணீரில் கலந்துவிட்டது. புரதம் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒன்று முக்கியம்: கொட்டையையும் உப்புத்தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் அணுக்கள் அதைக் குடித்தே வெடித்துவிடும், அப்புறம் பூந்திக்கொட்டை என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆய்வுக்கூடங்களும் இதே பாதையில்தான் போயின. டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து எடுத்த டிஜிட்டோனின் ஒரு சப்போனின். சவ்வுக்குள் பதிந்த புரதத்தை உருக்குலைக்காமல் வெளியே கொண்டுவர இன்றும் உதவுகிறது. அதற்கு நேர்மாறான முரட்டு ஆள் சோடியம் லாரில் சல்ஃபேட். சவ்வைக் கரைப்பதோடு புரதத்தின் மடிப்புகளையும் பிரித்துப் போட்டுவிடும். 1970இல் லெம்லி அந்த முரட்டுத்தனத்தையே பயன்படுத்திப் புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

மருக்காரைக்கு மட்டும் வேறு விதமான மரியாதை கிடைத்தது. 1873இல் பிரான்சிஸ் டே இந்திய நன்னீர் மீன்வளம் பற்றி அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச். எஸ். தாமஸ் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். நஞ்சு கலந்து மீன்பிடிப்பது இருவருக்கும் ஆகவில்லை. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. தண்ணீரில் நஞ்சு கலந்து மீன் பிடித்தால் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். நியாயம் இல்லாமல் இல்லை. காய்ச்சாறு குஞ்சையும் பெரிய மீனையும் பிரித்துப் பார்க்காது. ஆனால் கோடையில் ஒரு கசத்தைக் கலக்கிய பளியருக்கு அன்றைய 200 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

காட்டின் இன்னொரு நுரைக்காயான சீயக்காய் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தது. அதற்கும் போட்டி வந்தது. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். இன்று ஷாம்பு பாக்கெட் தொங்காத பெட்டிக்கடை கிடையாது. எத்தனையோ ஷாம்புகளில் இருப்பது அந்த லாரில் சல்ஃபேட் அல்லது அதன் உறவுக்காரப் பொருள்தான்.

செண்பகத்தோப்பு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயத்துக்குள் வந்தது, 2021இல் புலிகள் காப்பகத்துக்குள். இப்போது ஓடையில் காரைக்காய் கலக்க ஆளில்லை. அனுமதி இருக்கும் நாட்களில் மீன்வெட்டிப்பாறை அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களோ பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தலையில் தேய்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள். செவுளுக்கு அதுவும் நஞ்சுதான். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது துண்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஷாம்பு வீட்டிலேயே இருக்கட்டும்.